அபினை மறுப்பவருக்கும் அவையில் இடம் வேண்டும்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினர்கள் பன்னிருவர். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான நியமனப் பட்டியலில் நடிகை ஹேமமாலினி, மல்யுத்த வீரரும் நடிகருமான தாரா சிங், விண்வெளி விஞ்ஞானி கஸ்தூரிரங்கன், ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த பிமல் ஜலான் என்று நாடறிந்த பெயர்கள் பல இருந்தன. அவற்றுக்கிடையே, ராஜஸ்தானுக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஒரு பெயரும் இருந்தது: நாராயண் சிங் மாணக்லாவ்.

ஜோத்பூரை அடுத்த மாணக்லாவ் கிராமத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட அவர், அபின் பழக்கத்துக்கு அடிமையானவர்களை ஓரிடத்தில் கூட்டி, சிகிச்சை அளித்து, வீட்டுக்கு அனுப்பும் முகாம்களை நடத்தியவர். சமூகப் பணிக்காக 1991-இல் பத்மபூஷண் விருது பெற்றவர். 2009 வரை ஆறாண்டுகள் அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்.

அதே ஆண்டுகளில், அதே அவையில், அதே மார்வார் மண்ணைச் சேர்ந்த மற்றொரு மூத்த தலைவரும் அமர்ந்திருந்தார். 2007-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தம் சொந்த ஊரில் அவர் அளித்த விருந்தில், ஊர் வழக்கப்படி விருந்தினர்களுக்கு அபின் கரைசல் வழங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. விவகாரம் நீதிமன்றப் படியேறியது. வழங்கப்பட்டது அபின் அல்ல என்று அவர் தரப்பில் மறுக்கப்பட்டது. அந்தப் புகாரின் உண்மை பொய்யை இங்கே ஆராய வேண்டியதில்லை. அபினை விடச் சொல்லி ஊர் ஊராகச் சென்றவரும், அபின் உபசாரத்தின் பெயரால் புகாருக்கு உள்ளானவரும் ஒரே அவையில், ஒரே மண்ணின் பிரதிநிதிகளாக அமர்ந்திருந்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. மார்வாரின் பெரும் சிக்கலை இந்த இரண்டு இருக்கைகளும் எடுத்துக்காட்டின.

போதை வேண்டாம் என்று ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முடிவெடுப்பது அவ்வளவு கடினமன்று. அந்த முடிவோடு ஒரு திருமண வீட்டுக்கோ துக்க வீட்டுக்கோ சென்று, நீட்டப்படும் கையை மறுத்து, அவமதித்தவர் என்ற பெயர் வாங்காமல் திரும்பி வருவதுதான் கடினம். இந்தியாவில் இந்தக் கடினத்தை மேற்கு ராஜஸ்தானைப் போல வெளிப்படையாகக் காட்டும் பகுதி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

உள்ளங்கையில் ஒரு மரியாதை: அபினுக்கு மார்வாரில் 'அமல்' என்று பெயர். கட்டியான அபினை மரக் கல்வத்தில் இட்டு நீர் சேர்த்துத் தேய்ப்பார்கள். கரைந்த நீரைத் துணியில் வடிகட்டுவார்கள். வீட்டுக்குடையவர் அந்தப் பழுப்பு நிற நீரைத் தம் வலது உள்ளங்கையில் ஊற்றி விருந்தினரின் வாயருகே நீட்டுவார். விருந்தினர் அந்தக் கையிலிருந்தே உறிஞ்சிக் குடிக்க வேண்டும். வற்புறுத்தி உபசரிக்கும் இந்த முறைக்கு 'மனுவார்' என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் வட்டமாக அமர்ந்து அமல் பகிரும் கூட்டம் 'ரியாண்' எனப்படும்.

நிச்சயதார்த்தம், திருமணம், குழந்தைப் பிறப்பு, அட்சய திருதியை நாளில் வரும் 'ஆக்கா தீஜ்' திருவிழா ஆகிய எல்லாவற்றிலும் அமலுக்கு இடம் உண்டு. துக்க வீட்டில் பன்னிரண்டு நாள்களும் வந்துபோகும் உறவினருக்கு அமல் வைக்கப்படுவது வழக்கம். பகைத்த இரு குடும்பங்கள் சமரசமாகும்போது ஒருவர் கையிலிருந்து மற்றவர் அமல் பருகினால் பகை தீர்ந்தது என்று பொருள். ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட், ராஜஸ்தானின் வரலாறு குறித்து 1829-லும் 1832-லும் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில், சேர்ந்து அபின் உண்பதை மீறக்கூடாத உறுதிமொழியாக ராஜபுத்திரர்கள் கருதியதைப் பதிவு செய்திருக்கிறார்.

இப்படி உறவுக்கும் உடன்பாட்டுக்கும் சாட்சியாக ஒரு பொருள் நின்றுவிட்ட பிறகு, அதை வேண்டாம் என்பவர் அபினை மட்டும் மறுப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவர் உறவை மறுக்கிறார், சமரசத்தை மறுக்கிறார், துக்கத்தில் பங்கு கொள்ள மறுக்கிறார் என்றே கூடியிருப்பவர்களுக்குத் தோன்றுகிறது. குடிப்பவருக்கு அங்கே காரணம் தேவையில்லை. மறுப்பவர்தான் காரணம் சொல்லியாக வேண்டும்.

மருந்தாக வந்த நஞ்சு: பாலைவன மக்கள் இந்தப் பழக்கத்துக்கு வெறும் களிப்புக்காக ஆட்பட்டார்கள் என்று கருதினால் அது பிழை. மருத்துவர் இல்லாத நிலப்பரப்பில் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மூட்டு வலிக்கும் கைக்கெட்டிய ஒரே மருந்து அபின். போர்க்களத்தில் காயத்தின் வேதனையை மறக்கவும், ஒட்டகத்தோடு நெடுந்தொலைவு நடக்கவும், கோடை வெயிலில் கிணறு வெட்டவும் அது துணையாக இருந்தது. வயலுக்குச் செல்லும் தாய், குழந்தை அழாமல் உறங்குவதற்காகச் சிறு துளி அபினை அதன் நாவில் தடவிய வழக்கமும் இருந்தது. அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் முதல் மனுவாரைச் செய்தவள் தாயே.

வலியைத் தணிக்கும் மார்ஃபின் அபினில் இருக்கிறது. உடலைத் தன்வசப்படுத்துவதும் அதுவே. தொடர்ந்து உட்கொள்பவருக்கு முன்பு போதுமானதாக இருந்த அளவு சில மாதங்களில் போதாமல் போகிறது. நிறுத்தினால் கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என்று உடல் பழிவாங்குகிறது. எந்த நோய்களுக்காக அபின் தொடங்கப்பட்டதோ, ஏறக்குறைய அதே நோய்கள் அபினை நிறுத்தியதும் திரும்ப வருகின்றன. எனவே, அபின் இல்லாமல் தமக்கு வாழ்வில்லை என்று ஒரு முதியவர் நம்பினால், அந்த நம்பிக்கைக்கு அவருடைய உடம்பே சாட்சி சொல்கிறது.

சட்டம் வந்த பாதை: நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவும் அபினும் ஒரே செடியின் விளைச்சல். முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் அபின். முற்றிய காய்க்குள் இருக்கும் விதை கசகசா. பாலும் விதையும் எடுத்த பிறகு எஞ்சும் காய்ந்த தோடு 'டோடா'. ராஜஸ்தானின் சித்தோர்கர், பிரதாப்கர், ஜாலாவாட் பகுதிகளிலும், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பகுதிகளிலும் மத்திய அரசின் உரிமம் பெற்ற விவசாயிகள் மருந்துத் தேவைக்காக இதைப் பயிரிடுகின்றனர். விளைந்த அபினை அரசு கொள்முதல் செய்து நீமச், காஜிப்பூர் ஆலைகளில் பதப்படுத்துகிறது. இந்த வேலிக்கு அடியில் கசிவதுதான் மார்வாரின் உள்ளங்கைகளுக்கு வந்து சேர்கிறது.

சுதந்திர இந்தியா இந்தக் கசிவை அடைக்க முயலாமல் இருந்ததில்லை. பதிவு செய்துகொண்ட அடிமைகளைத் தவிர மற்றவர்கள் அபின் உண்பதை 1959-ஆம் ஆண்டிலேயே அரசு தடை செய்தது. 1985-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று மக்களவையில் அறிமுகமான போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் மசோதா, இரு அவைகளிலும் நிறைவேறி செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. முக்கியச் சட்டம் ஒன்று நான்கு வாரங்களுக்குள் நாடாளுமன்றத்தைக் கடந்து சென்றது. இன்றைய நிலையில் அச்சட்டத்தின்படி 25 கிராம் வரையிலான அபின் 'சிறிய அளவு'. இரண்டரை கிலோ முதல் 'வணிக அளவு'. அபின் உட்கொள்வதற்கே ஆறு மாதம் வரை சிறையோ, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆயினும், டோடா விற்கும் உரிமக் கடைகள் ராஜஸ்தானில் நெடுங்காலம் நீடித்தன. மத்திய அரசின் வற்புறுத்தலைத் தொடர்ந்து 2016 ஏப்ரல் முதல் அவையும் மூடப்பட்டன. மூடுவதற்கு முன்பாக, டோடாவுக்கு அடிமையானவர்களை மீட்க 'நயா சவேரா' (புதிய விடியல்) என்ற பெயரில் மாநில அரசு முகாம்களை நடத்தியது.

1959, 1985, 2016 என்று மூன்று முறை கதவு அடைக்கப்பட்டும் மனுவார் நின்றுவிடவில்லை. கடையை மூட அரசால் முடியும். மகளைக் கொடுத்த சம்பந்தி நீட்டும் உள்ளங்கையை எந்தக் காவல் ஆய்வாளர் மூடுவார்? சட்டத்தின் கை நீளமானது என்பார்கள். கல்யாணப் பந்தலுக்குள் அது பெரும்பாலும் குறுகிவிடுகிறது.

பத்து நாள் முகாம்: இந்த இடத்தில்தான் மாணக்லாவ் முகாம்களின் அருமை விளங்குகிறது. 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி 1980-களில் பரவிய இந்த முகாம்கள், நோயாளியை நகரத்து மனநல மருத்துவமனைக்கு அழைக்கவில்லை. மருத்துவரையும் மருந்தையும் கிராமத்துக்குக் கொண்டுவந்தன. ஊர்ப் பொதுக் கட்டடத்தில் அபின் உண்பவர்கள் ஒன்றாகத் தங்கவைக்கப்பட்டார்கள். ஜோத்பூர் மருத்துவர்கள் கவனித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய பத்து நாள்கள் அபின் இல்லாமல் கழிந்தன. உடல்வலிக்கும் உறக்கத்துக்கும் மருந்து, வேளைக்கு உணவு, மாலையில் பஜனை, அருகில் அதே துன்பத்தை அனுபவிக்கும் அண்டை வீட்டுக்காரர் ஆகியவையே சிகிச்சை.

மருத்துவக் கணக்கில் இது எளியது. அபினை நிறுத்துவதால் வரும் வேதனை முதல் மூன்று நாள்களில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாள்களில் அடங்கிவிடும். முகாமின் சிறப்பு வேறொன்றில் இருந்தது. தனியாக அபினை விடுபவர் ஊருக்கு எதிரி. கூட்டமாக அபினை விடுபவர்கள் தாங்களே ஒரு சிறு ஊர். முகாமில் ஒருவர் வலியால் துடிப்பதை மற்றவர் பார்த்தார். பத்தாம் நாள் எழுந்து நடப்பதையும் பார்த்தார். அபின் இல்லாவிட்டால் செத்துவிடுவோம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கூற்று, கண்ணெதிரே பொய்யாயிற்று.

தமிழக வாசகர்களுக்கு இம்முறை அந்நியமன்று. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் குடிநோயாளிகளுக்காக இத்தகைய முகாம்களை நடத்தியது. அங்கே மது, இங்கே அபின். ஊரே சாட்சியாக இருக்க, ஊருக்குள்ளேயே விடுபடுவது என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்.

பதினோராம் நாள்: முகாம் முடிந்து வீடு திரும்பும் பதினோராம் நாள் தொடங்குவதுதான் உண்மையான சோதனை. உடம்பு விட்டுவிட்டது, உறவு விடவில்லை. அடுத்த வாரமே மைத்துனன் வீட்டுத் திருமணம் வரும். சபையில் கல்வம் சுற்றும். 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று கை நீளும். நீட்டுபவர் பகைவர் அல்லர், பாசமுள்ளவர் என்பதால் மறுப்பது இரட்டிப்புக் கடினமாகிறது.

இதில் உயிர் தொடர்பான ஆபத்தும் அடங்கியிருக்கிறது. அபின் வகைப் பொருள்களைச் சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. அவர் பழைய நினைப்பில் பழைய அளவையே மீண்டும் உட்கொண்டால் மூச்சு அடங்கிப் போகக்கூடும். திருந்தியவரிடம் 'ஒரே ஒரு முறை' என்று வற்புறுத்துபவர், அறியாமலேயே அவரது உயிரோடு விளையாடுகிறார். உபசாரம் என்று கருதப்படும் ஒரு செயலின் மறுபக்கம் இது.

மறுப்புக்கும் மரபு உண்டு: அபின் எங்கள் பண்பாடு, அதை மறுப்பது வெளியாரின் போதனை என்று மார்வாரில் சிலர் வாதிடுவதுண்டு. வரலாறு இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. இதே தார்ப் பாலைவனத்தில், 1485-ஆம் ஆண்டில், ஜாம்போஜி என்று மக்கள் அழைக்கும் குரு ஜம்பேஷ்வர் தம்மைப் பின்பற்றியவர்களுக்கு 29 நெறிகளை வகுத்தளித்தார். இருபதும் ஒன்பதும் சேர்ந்த எண்ணிக்கையே பிஷ்னோய் என்ற பெயருக்குக் காரணம் என்பர். பச்சை மரத்தை வெட்டாதே, உயிர்களிடம் கருணை காட்டு என்ற அவர்களுடைய நெறிகளை உலகம் அறியும். அதே பட்டியலில் அபின் உண்ணாதே, புகையிலை தொடாதே, பங்கி அருந்தாதே, மது குடிக்காதே என்ற நெறிகளும் இருப்பதைப் பலர் அறிவதில்லை.

அபினை மறுக்கும் குரலும் அதே மணலில்தான் எழுந்தது. ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது. நாடாளுமன்றம் சட்டமியற்றுவதற்குச் சரியாக ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு சமூகம் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறது. காலத்தின் விந்தையாக, இன்று ஜோத்பூரைச் சுற்றியுள்ள பிஷ்னோய் கிராமங்களுக்கு அழைத்துச் செல்லப்படும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு, 'பாரம்பரிய அபின் சடங்கு' ஒரு காட்சிப் பொருளாக நடத்திக் காட்டப்படுகிறது. எந்தக் குரு அபினைத் தள்ளினாரோ, அவர் வழிவந்த ஊர்களின் பெயராலேயே அபின் அடையாளமாக்கப்படுகிறது. மரபைக் காப்பதாகச் சொல்பவர்கள் மரபின் எந்தப் பக்கத்தைக் காக்கிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

அண்மை ஆண்டுகளில் நம்பிக்கை தரும் செய்திகளும் வருகின்றன. ஜோத்பூர், பார்மேர் பகுதிகளில் பல்வேறு சமூகங்களின் பஞ்சாயத்துகள் கூடி, திருமணத்திலும் துக்க நிகழ்ச்சிகளிலும் அபினும் டோடாவும் பரிமாறக் கூடாது என்றும், மீறினால் அபராதம் என்றும் தீர்மானம் நிறைவேற்றியுள்ளன. துக்க வீட்டில் ஊரைக் கூட்டி விருந்து வைப்பதைத் தடுக்க ராஜஸ்தானில் 1960-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அச்சட்டம் முழுமையாகச் சாதிக்காததை, கடன்பட்டுக் களைத்த குடும்பங்கள் தாமே கூடிச் சாதிக்க முற்பட்டுள்ளன. அபராதம் வசூலாகிறதா என்பது முக்கியமன்று. 'நான் மறுக்கிறேன்' என்று தனியே சொல்லத் தயங்கியவர், இனி 'சமூகத் தீர்மானம் அப்படி' என்று சொல்லித் தலைநிமிர்ந்து அமரலாம். மறுப்பவருக்கு அவையில் இடம் கிடைக்கிறது.

புதிய நஞ்சுகள்: இந்தத் தீர்மானங்கள் தாமதமாக வந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய சமூக நீதித் துறைக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) போதை மருத்துவ மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். அவர்களில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. அபினும் டோடாவும் உட்கொள்பவர்களைவிட (0.52 சதவீதம்) ஹெராயின் பயன்படுத்துபவர்கள் (1.14 சதவீதம்) இரு மடங்குக்கும் அதிகம். முந்தைய தலைமுறையில் நிலைமை தலைகீழாக இருந்தது. 2024 ஏப்ரலில் சிரோஹி, ஜோத்பூர் மாவட்டங்களில் மெஃபட்ரோன் என்னும் செயற்கைப் போதைப் பொருளைத் தயாரித்த ரகசியக் கூடங்களை மத்திய போதைப் பொருள் கட்டுப்பாட்டு அமைப்பும் குஜராத் காவல்துறையினரும் கண்டுபிடித்தனர். தாத்தா உள்ளங்கையில் பருகியதைப் பேரன் வேறு வடிவில் தேடுகிறான். மறுக்கக் கற்பிக்காத ஒரு சபை, எதை ஏற்பது என்ற தேர்வை மட்டும் அவனுக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

தில்லியின் உள்ளங்கை: இதைப் படிக்கும் நகரவாசி, பாலைவனத்துக் கிராமங்களின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தலைநகரில் இருபதாண்டுகளாகப் பணியாற்றும் இச்செய்தியாளர் மது அருந்துவதில்லை. விருந்துகளில் கோப்பையை மறுக்கும்போதெல்லாம் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, 'உடம்புக்கு என்ன?' என்பதுதான். வெறுமனே 'பழக்கமில்லை' என்றால் வற்புறுத்தல் தொடரும். 'மருத்துவர் கூடாதென்றார், மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று பொய் சொன்ன நாள்களும் உண்டு. அந்தப் பொய்யை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். நோயாளிக்கு அனுமதி உண்டு. ஆரோக்கியமான மனிதன் தானே விரும்பி விலகியிருப்பதற்குத்தான் அனுமதி இல்லை. கண்ணாடிக் கோப்பை என்பதைத் தவிர, மார்வாரின் மனுவாருக்கும் தலைநகரின் உபசாரத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இத்தனைக்கும், மறுப்பவர்கள் இந்நாட்டில் சிறுபான்மையினர் அல்லர். அதே எய்ம்ஸ் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் மது அருந்துபவர்கள் 14.6 சதவீதம் மட்டுமே. அதாவது, நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குடிப்பதில்லை. பெண்களை விலக்கி ஆண்களை மட்டும் எண்ணினாலும் குடிப்பவர்கள் 27.3 சதவீதம்தான். இவ்வளவு பெரிய பெரும்பான்மை, ஒவ்வொரு விருந்திலும் ஒரு சிறுபான்மையிடம் காரணம் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அரசியல் நிர்ணய சபையில் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று இது விவாதத்துக்கு வந்தது. பின்னாளில் அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவாக அமைந்த விதியில், உடல்நலத்துக்குக் கேடான போதைப் பானங்களையும் போதைப் பொருள்களையும் விலக்க அரசு முயல வேண்டும் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. பழங்குடி மக்களின் பிரதிநிதியான ஜெய்பால் சிங் அதை எதிர்த்தார். அரிசி மது தம் மக்களின் சமய வழக்கத்தோடும் வயல் வேலையோடும் பிணைந்தது என்பது அவர் வாதம். ஒரு சமூகத்தின் வழக்கத்தை வெளியிலிருந்து ஒரு கோடு கிழித்து அழித்துவிட முடியாது என்ற அவருடைய எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. அதற்கு விடை தடையின் கடுமையில் மட்டும் இல்லை. வழக்கத்துக்குள்ளேயே மறுப்பவருக்கு ஓர் இடம் ஒதுக்குவதில் இருக்கிறது. அந்த வேலையைச் சட்டமன்றங்கள் செய்ய இயலாது. சபைகள்தான் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?: சிகிச்சை இன்னும் எட்டாக்கனியாக இருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை கிடைத்திருப்பதாக அதே கணக்கெடுப்பு கூறுகிறது. பழக்கத்தை விட முன்வருபவரைச் சட்டம் துரத்துவதில்லை. சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை ஒருவர், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் 64-ஏ பிரிவு 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டுள்ளது. இதைக் கிராமத்துக் காவல் நிலையமும் அறிந்திருக்க வேண்டும். கிராமத்தாரும் அறிந்திருக்க வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும் செயல்படுகிறது.

இவற்றைவிட எளிதான, செலவில்லாத ஒன்று ஒவ்வொரு வீட்டுக்குடையவரின் கையிலும் இருக்கிறது. விருந்தினர் ஒரு முறை 'வேண்டாம்' என்றால் இரண்டாம் முறை கேட்காமல் இருப்பது, காரணம் விசாரிக்காமல் இருப்பது, அடுத்த நிமிடம் அவருக்கும் மற்றவர்களுக்குச் சமமாக ஒரு குவளைத் தேநீர் வைத்துப் பேச்சைத் தொடர்வது. முகாமில் பத்து நாள் வேதனையைத் தாங்கி வந்தவருக்கு ஊர் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுவே. அதற்குப் பத்மபூஷண் விருதும் தேவையில்லை, மாநிலங்களவை இருக்கையும் தேவையில்லை. தம் வீட்டு முற்றத்தில், தம் சபையில், ஓர் இருக்கையை ஒதுக்கினால் போதும்.